கைனேட் ரிசெப்டர் குளுகே1 முதல் குளுகே5 வரைக்கும்: தம்பிட வலிப்புக்காகக் கேக்கிறன், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

உவர்மலை_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா வாசிச்சுப் பதில் போடுங்கோ.

என்ட தம்பிக்கு வலிப்பு. விழுந்து கைகால் அடிக்கிற வகை இல்ல, மூளையிட பக்கவாட்டுப் பகுதியில தொடங்குற டெம்போரல் லோப் வலிப்பு எண்டு சொல்லுறாங்களே அது. வயித்துக்குள்ள இருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறி வருது எண்டு சொல்லுவான், அதோட சோத்துல கை வச்சபடி அப்பிடியே நிண்டுடும், வாய் மட்டும் சப்புக்கொட்டிக்கொண்டு இருக்கும், இடக்கை சாரத்துட ஓரத்தைப் பிடிச்சுக் கசக்கிக்கொண்டே இருக்கும், கூப்பிட்டா ஏறெடுத்தும் பாக்கமாட்டான், பிறகு தெளிஞ்சு என்ன நடந்தது எண்டு எங்களிட்டக் கேப்பான். எம்ஆர்ஐ எடுத்தாப் பிறகு ஒரு பக்க ஹிப்போகேம்பஸ், அதுதான் நினைவுக்கான மூளைப் பகுதி, சுருங்கி இருக்கு எண்டு சொன்னாங்க. இப்ப ரெண்டு குளிசை போடுறான், அதில ஒண்டு டோப்பிரமேட். குறைஞ்சிருக்கு, நிக்கேல்ல.

டோப்பிரமேட் மூளையில என்ன செய்யுது எண்டு தேடப்போனா "ஆம்பா, கைனேட் வகை ரிசெப்டர்களைத் தடுக்கும்" எண்டு ஒரு வரி கிடக்கு. அதுக்குள்ள போனா குளுகே1, குளுகே2 எண்டு 5 சப்யூனிட், கிரிக்1 முதல் கிரிக்5 வரைக்கும் 5 ஜீன். நான் பயோ படிச்சவள், சினாப்ஸ் எண்டா நரம்பும் நரம்பும் சந்திக்கிற இடம், குளுட்டமேட் எண்டா அங்க நரம்பைத் தூண்டுற பொருள், ரிசெப்டர் எண்டா அதைப் பிடிக்கிற புரோட்டீன், சப்யூனிட் எண்டா அந்தப் புரோட்டீனுட துண்டு எண்டு தெரியும். ஒரே குளுட்டமேட்டைப் பிடிக்கிறதுக்கு ஏன் 5 சப்யூனிட், அதில எது தம்பிட மண்டைக்குள்ள இந்த அநியாயத்தைச் செய்யுது, அதைத்தான் எனக்கு விளங்கப்படுத்துங்கோ.

நிலாவெளியான்

அக்கா, நான் நரம்புத் துறையிலதான் மேற்படிப்பு செய்யுறன், தெரிஞ்சதைச் சொல்லுறன்.

குளுட்டமேட் பிடிச்சவுடன சனல், அதாவது அயன் போற துவாரம், திறக்கிற ரிசெப்டர்ல பெரிய குடும்பம் மூண்டு: என்எம்டிஏ, ஆம்பா, கைனேட். கைனேட் எண்டது கைனிக் அமிலத்தால வந்த பேர், அந்த அமிலத்தை 1953ல யப்பான்காரர் டிஜீனியா சிம்ப்ளெக்ஸ் எண்ட சிவப்புக் கடல்பாசியில இருந்து பிரிச்சு எடுத்தவை. அந்தப் பாசி அங்க பரம்பரை பரம்பரையா பிள்ளைகளுக்குக் குடுத்த பூச்சி மருந்து. பிறகு 1970ல ஷினோசாக்கியும் கொனிஷியும் எலிட மூளைப் பட்டையில இதை வச்சுப் பாக்க நரம்புக் கலம் எல்லாம் தாறுமாறா எழும்பி அடிச்சது, 1976ல கொய்லும் ஷ்வார்ட்சும் இதை எலி மூளைக்குள்ள ஊசியாப் போட்டா அந்த இடத்துக் கலங்கள் செத்துப்போகுது எண்டு காட்டினவை. வயித்துப் பூச்சிக்குக் குடுத்த ஒண்டு மூளை ஆராய்ச்சிக்கு ஆயுதமா மாறினது இப்பிடித்தான்.

இப்ப உங்கட கேள்வி. ஒரு ரிசெப்டர் எண்டா நாலு சப்யூனிட் சேர்ந்தது. எங்கட பக்கத்துக் கரைவலை மாதிரி யோசிச்சுப் பாருங்கோ, குளுகே1, 2, 3 மூண்டும் தங்கட ஆக்களை மட்டும் வச்சே வலையை இழுத்துக் கரை சேர்த்திடுவினம், குளுகே4, 5 ரெண்டும் தனிய நிண்டா ஒண்டும் நடக்காது, ஆனா மற்றவையோட சேர்ந்தா முழு வலைட வேகமும் இழுவையும் மாறிடும். குளுகே5 தனிய இருந்தா கலத்துக்குள்ள புரோட்டீன் உருவாகிற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துலயே தடுத்து வச்சிருக்கும், குளுகே2 மாதிரி ஒரு துணை கிடைச்சாத்தான் மேற்பரப்புக்கு வரும். 4ம் 5ம் குளுட்டமேட்டை மிச்சம் இறுக்கிப் பிடிக்கிற வகை, அதால கொஞ்சக் குளுட்டமேட்டுக்கே ரிசெப்டர் வேலை செய்யத் தொடங்கும், சனல் மூடுறதும் மெதுவாகும்.

பழைய புத்தகத்துல குளுஆர்5, குளுஆர்6, குளுஆர்7, கேஏ1, கேஏ2 எண்டு இருக்கும், அதே ஆக்கள்தான், ஒழுங்குப்படி குளுகே1 முதல் 5. பேர் மாத்தினதால கனபேர் குழம்புறவை, பழைய குளுஆர்5 இப்ப குளுகே1 எண்டதை மட்டும் மறக்காதைங்கோ.

தம்பிட விசயத்துக்கு வாறன். ஹிப்போகேம்பஸ்ல சிஏ3 எண்ட பகுதி இருக்கு, அங்க கிரனியூல் கலங்களில இருந்து மொஸி பைபர் எண்ட நரம்பிழை வந்து முட்டுற இடத்துல கைனேட் ரிசெப்டர் குவிஞ்சு கிடக்கு. ஆம்பாட மின்னோட்டம் சில மில்லிசெக்கன்ல அடங்கிடும், கைனேட்டுட மின்னோட்டம் சின்னன் ஆனா இழுபட்டு இழுபட்டுத்தான் அடங்கும், 1997ல காஸ்டியோ, மலெங்கா, நிக்கோல் குழுவும் வின்யே, கொலின்கிரிஜ் சோடியும் ஒரே வருசத்துல தனித்தனியா இதைக் காட்டினவை. சின்னனா நீளமா வாற சிக்னல் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கூடும், அதால கலம் லேசா அடிக்கத் தொடங்கும்.

டெம்போரல் லோப் வலிப்புல என்ன நடக்குது எண்டா, கலங்கள் செத்த இடத்துல மொஸி பைபர் புதுசாத் தளிர்த்துத் திரும்பி வந்து தன்ட சொந்தக் கிரனியூல் கலங்களிலயே முட்டும். சுகமான மூளையில கிரனியூல் கலத்துல அந்தமாதிரிக் கைனேட் சினாப்ஸ் இல்ல. நோய் வந்த எலியில இருக்கு எண்டு 2005ல எப்ஸ்டைன், கிரெப்பல், பென்-ஆரி ஆக்கள் காட்டினவை. அதாவது இருக்கக்கூடாத இடத்துல நீளமான சிக்னல். அந்த ரிசெப்டர்ல இருக்கிற முக்கிய சோடி குளுகே2ம் குளுகே5ம். 2014ல அதே வழியில போன வேலையில, குளுகே2 இல்லாத எலிக்கு நாள்பட்ட வலிப்பு குறைவா வந்தது, குளுகே2/குளுகே5 ரிசெப்டரைத் தடுக்கிற பொருளைக் குடுத்தாலும் குறைஞ்சது. உங்கட ரெண்டாவது கேள்விக்கு என்ட பதில் அதுதான் அக்கா.

கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் படிச்ச ஆளில்ல, எங்கட குடும்பம் தம்பலகாமக் குடாவுல மட்டி எடுத்து விக்கிற குடும்பம். கனடாவுல மட்டி திண்டு ஆக்களுக்கு நினைவு போன கதை ஒண்டை மகன் போன்ல காட்டினான், அதுலயும் இந்தக் கைனேட் எண்ட சொல் இரிந்திச்சி. அது என்ன விசயம், அவிச்சா போயிடுமா? இத நம்பித் திங்கிற சனம் இரிக்கி, அதுக்காகத்தான் கேக்கிறன் தம்பி.

நிலாவெளியான்

வஅலைக்கும் ஸலாம் நானா. அந்தச் சம்பவம் 1987, கனடாவுட பிரின்ஸ் எட்வேர்ட் தீவு. நூறுக்கு மேல ஆக்களுக்கு வருத்தம் வந்தது, சில முதியவர்கள் மௌத்தாகினவை. அவங்க திண்டது நீல மசல் எண்ட வேற வகைச் சிப்பி. அதுக்குள்ள இருந்த நஞ்சு டோமோயிக் அமிலம். சிப்பி அதைத் தானா உண்டாக்கேல்ல, சூடோ-நிட்ஸ்சியா எண்ட கண்ணுக்குத் தெரியாத கடல் டயற்றம் பெருகின நேரம் சிப்பி அதை வடிச்சுத் திண்டு தன்ட சதைக்குள்ள சேர்த்து வச்சது. டோமோயிக் அமிலமும் கைனிக் அமிலமும் அமைப்பால சொந்தக்காரர், ரெண்டும் ஒரே கைனேட் ரிசெப்டரைப் பிடிச்சு விடாமத் திறந்து வச்சிருக்கும்.

அவிச்சாப் போகாது நானா, பொரிச்சாலும் போகாது, ஐஸ்ல வச்சாலும் போகாது. அதால அந்த நாடுகளில கடற்கரையில இருந்தே சோதிச்சு, ஒரு கிலோ சதையில 20 மில்லிகிராமுக்கு மேல இருந்தா அந்தக் கடல்பகுதியில சிப்பி எடுக்கிறதை மூடிடுவினம். சாப்பிட்ட ஆக்களுக்கு முதல்ல வாந்தி, வயித்துப்போக்கு, பிறகு தலையிடி, தடுமாற்றம், கடுமையா வந்தா நினைவு போகும், வலிப்பும் வரும். வயசு போனவையும் சிறுநீரகம் பழுதான ஆக்களும்தான் கூடப் பாதிக்கப்பட்டவை. மட்டி திண்டு வாந்தி எடுத்த ஆள் புத்தி தடுமாறிக் கதைச்சா வீட்டுல வச்சிருக்காம உடன ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டுபோங்க, என்ன திண்டது எண்டதையும் டொக்டருக்குச் சொல்லுங்க.

அக்கா, இதுல உங்களுக்கும் ஒரு விசயம் இருக்கு. அந்தக் கனடாச் சம்பவத்துல தப்பின 84 வயசு ஐயா ஒருத்தருக்கு ஒரு வருசத்துக்குப் பிறகு டெம்போரல் லோப் வலிப்பு தொடங்கினது, ஸ்கானில ரெண்டு பக்க ஹிப்போகேம்பஸும் சுருங்கி இருந்தது. 1995ல அதை எழுதி வெளியிட்டிருக்கினம். எலியில கைனேட் போட்டு ஆராய்ச்சிக்காரர் செய்யுறது அப்பிடியே ஒரு மனுசருக்கு நடந்திருக்கு. முதல்ல ஒரு பெரிய அடி, பிறகு சத்தம் இல்லாத மாசங்கள், பிறகு வலிப்பு. தம்பிக்குச் சின்ன வயசுல காய்ச்சலோட நீளமா வலிப்பு வந்ததா எண்டு அம்மாவிட்டக் கேட்டுப் பாருங்கோ, அதுவும் சிலருக்கு அந்த முதல் அடியா இருந்திருக்கும்.

மூதூர்_பாமசி

வணக்கம். நான் கன காலமாப் பாமசியில நிக்கிறன், வலிப்புக் குளிசை வாங்க வாற குடும்பங்களை நேர பாக்கிறன். நிலாவெளியான் தம்பி எழுதினது நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த ஆராய்ச்சியில எனக்கு ஒரு மனத்தாங்கல். ஆம்பாவையும் கைனேட்டையும் பிரிச்சுப் பாக்கவே ஏலாம "ஆம்பா/கைனேட்" எண்டு ஒண்டாத்தான் எத்தனை வருசம் எழுதினவை. இண்டைக்கும் கைனேட்டை மட்டும் குறி வச்ச வலிப்புக் குளிசை ஒண்டு என்ட ராக்கையில இல்ல. பெரம்பனெல் எண்ட வலிப்புக் குளிசை ஆம்பாவுக்கு. டோப்பிரமேட் சோடியம் சனலையும் தடுக்குது, மூளையை அடக்கி வைக்கிற காபா எண்ட பொருளுட வேலையையும் கூட்டுது, கைனேட் அதுல ஒரு ஓரம். 2017ல 5 கிரிக் ஜீனையும் மொத்தமா எடுத்துவிட்ட எலியும் உயிரோடதான் இருந்தது. இல்லாட்டியும் வாழலாம் எண்ட ஒரு ரிசெப்டரைப் பற்றி ஒரு அக்காட மனசுல நம்பிக்கை வளர்க்கிறது சரியா எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

நிலாவெளியான்

அண்ணை, நீங்கள் சொன்ன எலியை வச்சே பதில் சொல்லுறன். அது உயிரோட இருந்தது உண்மை, ஆனா சும்மா இருக்கேல்ல. தன்ட உடம்பை அளவுக்கு மிஞ்சி நக்கி நக்கிச் சுத்தப்படுத்திக்கொண்டே இருந்தது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தது, மூளைப் பட்டைக்கும் மூளைக்குள்ள ஆழத்துல இருக்கிற ஸ்ட்ரையேற்றத்துக்கும் இடையிலான தொடர்பு பழுது. உயிர் நிக்கிறதுக்கு இந்த ரிசெப்டர் வேண்டாம், ஒழுங்கா நடக்கிறதுக்கு வேணும். மனுசரிலயும் கிரிக்2 ஜீன் பழுதான குடும்பத்துல பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சி பின்தங்கினதை 2007ல ஈரான் குடும்பம் ஒண்டுல கண்டவை.

எனக்கு இதுல பெரிய விசயமாப் படுறது வேற. இல்லாம இருக்க ஏலும் எண்டதுதான் மருந்துக்கு வாய்ப்பே. ஆம்பாவை முழுசா மூடினா மூளை நிண்டுடும், அதால பெரம்பனெல்லுக்கு ஒரு எல்லை இருக்கு, தலைசுத்து, கோபம், நித்திரை தூங்கல் எல்லாம் வரும். குளுகே2வை ஹிப்போகேம்பஸ்ல மட்டும் குறைச்சா சாதாரண சிக்னல் ஆம்பாவால ஓடிக்கொண்டே இருக்கும், வலிப்பைத் தூக்கிப் பிடிக்கிற நீளச் சிக்னல் குறையும். 1998ல முல்லும் ஹைன்மனும் சேர்ந்த குழு குளுகே2 இல்லாத எலிக்குக் கைனேட் குடுத்துப் பாத்தவை, சாதாரண எலிக்கு வலிப்பு வாற அளவுக்கு அது தாங்கி நிண்டது.

பிரிக்க ஏலாம இருந்த காலம் எண்டது 1995 வரைக்கும். ஹங்கேரிக்காரர் கண்டுபிடிச்ச ஜிஒய்கேஐ வகை மருந்தில ஒண்டு, 53655 எண்ட நம்பர், ஆம்பாவை மட்டும் மூடும் எண்டு லெர்மா குழு அந்த வருசம் காட்டினவை. ஆம்பாவை மூடிவிட்டு மிச்சம் என்ன ஓடுது எண்டு பாத்தா அதுதான் கைனேட். ஒரு நல்ல கருவி இல்லாமத்தான் அத்தனை வருசம் போனது.

எல்லாச் சப்யூனிட்டையும் ஒண்டா மூடுற குளிசை ஏன் சரிவராது எண்டும் சொல்லோணும். கைனேட் ரிசெப்டர் வலிப்பைத் தூண்டுற கலத்துல மட்டும் இல்ல, மூளையை அடக்கி வைக்கிற காபா கலங்களிலயும் இருக்கு, அங்க குளுகே1 கனக்க. அதைவிட, லெர்மாட ஆய்வுகூடமே 1998ல காட்டினது, சனலைத் திறக்காம ஜி-புரோட்டீன் வழியாலயும் கைனேட் ரிசெப்டர் காபா வெளியில வாறதைக் குறைக்குது எண்டு. ஒரு சனல் ரெண்டு வேலை பாக்குது. எது எங்க எந்தச் சோடியில இருக்கு எண்டு தெரியாம மூடினா தடுக்கிறவனையும் சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரிப் போயிடும்.

உயர்தரம்_பயோ

நிலாவெளி அண்ணா, நான் இந்த வருசம் ஏஎல் எழுதுறன். ஆர்என்ஏ எடிட்டிங்னு ஒண்டு குளுகே1லயும் குளுகே2லயும் நடக்குதுன்னு வாசிச்சன், ஜீன்ல ஒண்டு எழுதியிருக்க புரோட்டீன்ல வேறொண்டு வருமா? எங்கட சிலபஸ்படி அது ஏலாதே?

நிலாவெளியான்

வரும் தம்பி. டிஎன்ஏயில குளுட்டமினுக்கான குறிதான் இருக்கும். எம்ஆர்என்ஏ எழுதினாப் பிறகு ஏடார்2 எண்ட நொதி அதில ஒரு அடினோசினை இனோசினா மாத்திவிடும், ரைபோசோம் அதைக் குவானோசின் எண்டு வாசிக்கும், அப்ப குளுட்டமின் இருக்கவேண்டிய இடத்துல ஆர்ஜினின் வந்து இருக்கும். அந்த இடம் சனலுட துவாரத்துக்குள்ளேயே இருக்கிறதால ஆர்ஜினின்ட நேர் ஏற்றம் கல்சியம் உள்ள போறதைக் குறைச்சிடும். 1991ல செய்பர்க் ஆய்வுகூடம் கண்டுபிடிச்சது. பெரியாக்களின்ட மூளையில குளுகே2 பெரும்பாலும் எடிட் ஆகித்தான் இருக்கும், குளுகே1 அவ்வளவுக்கு இல்ல. இந்த எடிட்டிங் நடக்காம ஆக்கிவிட்ட எலிக்குக் கைனேட் வலிப்பு லேசா வந்தது, அதால இது சும்மா அலங்காரம் இல்ல.

சோதனைக்கு வராது எண்டாலும் இன்னொண்டு சொல்லுறன், எனக்கு மிச்சம் பிடிச்ச விசயம். 2024ல மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆக்கள் இதே குளுகே2 தோலுக்கு வாற நரம்புக் கலத்துல கடும் குளிரை உணருற சென்சரா வேலை செய்யுது எண்டு காட்டினவை. அந்த ஜீன் இல்லாத எலி சூட்டை உணரும், குத்தினா உணரும், குளிரை மட்டும் சரியா உணராது. மூளைக்குள்ள குளுட்டமேட்டைப் பிடிக்கிற அதே புரோட்டீன் தோலில குளிர் பாக்குது!

உவர்மலை_அக்கா

நிலாவெளித் தம்பி, கும்பிட்டுச் சொல்லுறன், இப்பிடி ஒருத்தரும் எனக்கு விளங்கப்படுத்தேல்ல. அம்மாவிட்டக் கேட்டன், ஒண்டரை வயசுல காய்ச்சலோட வலிப்பு வந்து கன நேரம் நிக்காமப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவையாம், எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

குளுகே2வைக் குறைச்சா எண்டு எழுதினீங்கள், அது எலியோட நிக்குதா, மனுசருக்கு ஏதும் வந்திருக்கா? மூதூர் அண்ணை, டோப்பிரமேட் தொடங்கின பிறகு தம்பி சோடா குடிச்சா காஸ் போன மாதிரி இருக்கு எண்டுறான், விரல் நுனி விறுவிறுக்குது, கதைக்கேக்க தெரிஞ்ச சொல்லே வாயில வராம நிக்கிறான். இதுவும் அந்தக் கைனேட்டால வாறதா?

மூதூர்_பாமசி

தங்கச்சி, சோடாவும் விரல் விறுவிறுப்பும் கைனேட்டால இல்ல. டோப்பிரமேட் காபோனிக் அன்ஹைட்ரேஸ் எண்ட நொதியையும் தடுக்கும், நாக்கு காஸை ருசிக்கிறதுக்கு அந்த நொதி வேணும். அதே காரணத்தால சிறுநீரகத்துல கல்லு வரவும் இடம் இருக்கு, வேர்வையும் குறையலாம். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில எங்கட ஊர் வெக்கை உங்களுக்குத் தெரியும்தானே, வேர்க்காத பிள்ளை வெயில்ல நிண்டா உடம்பு கொதிச்சிடும். தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லுங்கோ, மத்தியான வெயிலுக்குள்ள கிரிக்கெட் விளையாட விடாதைங்கோ. கண் திடீரெண்டு நொந்து மங்கினா அடுத்த கிளினிக் வரைக்கும் பாக்காம அண்டைக்கே காட்டுங்கோ.

சொல் வராம நிக்கிறது இந்தக் குளிசையில நல்லாத் தெரிஞ்ச பக்கவிளைவு, டோஸோட சம்பந்தப்பட்டது, டொக்டருக்குச் சொன்னா மாத்தி அமைப்பார். நீங்களா நிப்பாட்டவே கூடாது, திடீரெண்டு நிப்பாட்டினா விட்டு விட்டு வந்த வலிப்பு விடாம வந்து உயிரையே கொண்டுபோகும், நான் கண்டிருக்கிறன். வலிப்பு வாற நேரம் கையில திறப்பு, இரும்பு குடுக்கிறதோ வாய்க்குள்ள கரண்டி வைக்கிறதோ வேண்டாம். பக்கத்துல நிண்டு காயப்படாமப் பாருங்கோ, விழுந்தா ஒரு பக்கமாச் சரிச்சு விடுங்கோ, 5 நிமிசம் தாண்டினா ஹொஸ்பிட்டல்.

நிலாவெளியான்

மனுசருக்கு வந்திருக்கு அக்கா. யூனிக்யூர் எண்ட கம்பனி ஏஎம்டி-260 எண்டு ஒண்டு செய்திருக்கு, குளிசை இல்ல, ஜீன் சிகிச்சை. வைரஸ் கூடு ஒண்டுக்குள்ள மைக்ரோஆர்என்ஏ வச்சு, எம்ஆர்ஐ பாத்துப் பாத்து நேர ஹிப்போகேம்பஸுக்குள்ள ஒரு தரம் போடுறது, அது போய் கிரிக்2ட எம்ஆர்என்ஏயைக் குறைக்கும், குளுகே2 உருவாகிறது குறையும். 2024 கடைசியில அமெரிக்காவில முதல் நோயாளிக்குக் குடுத்தவை. முதல் கட்டச் சோதனை, ஆபத்து இல்லையா எண்டு பாக்கிற கட்டம். கடல்பாசியில இருந்து தொடங்கின ஒரு விசயம் ஒரு தனிச் சப்யூனிட்டைப் பேர் சொல்லிக் குறி வைக்கிற இடத்துக்கு வந்திட்டுது எண்டதை நினைக்க எனக்கு உண்மையாவே சந்தோசம். 5 சப்யூனிட்டையும் தனித்தனியாப் பிரிச்சு விளங்கினதாலதான் அது நடந்தது.

மூதூர்_பாமசி

அதை நானும் மனசார வரவேற்கிறன் தம்பி. ஆனா தங்கச்சிக்கு இண்டைக்குத் தேவை இண்டைக்குக் கிடைக்கிற வழி. சரியாத் தெரிவு செய்த ரெண்டு மருந்து சரியான டோஸ்ல குடுத்தும் வலிப்பு நிக்கேல்ல எண்டா அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு எண்டுதான் உலக அளவுல 2010ல வரையறுத்தவை. ஒரு பக்க ஹிப்போகேம்பஸ் சுருங்கின ஆக்களுக்கு சத்திரசிகிச்சை நல்லா வேலை செய்யும். 2001ல கனடாவில 80 பேரை வச்சுச் செய்த சோதனையில, சத்திரசிகிச்சைப் பக்கம் போன ஆக்களில 58 வீதத்துக்கு ஒரு வருசத்துல நினைவு தப்புற வலிப்பு இல்ல, குளிசையோட மட்டும் நிண்ட ஆக்களில 8 வீதம்தான். கொழும்பு தேசிய வைத்தியசாலையில வலிப்புக்கெண்டே தனி நிலையம் இருக்கு. அங்க அனுப்ப ஏலுமா எண்டு அடுத்த கிளினிக்ல வாய் திறந்து கேளுங்கோ, சனம் கேக்கப் பயந்தே வருசக்கணக்கா இருந்திடுது.

உவர்மலை_அக்கா

கேக்கிறன் அண்ணை, கட்டாயம் கேக்கிறன். ஒண்டு மட்டும், எங்களிட்ட இருக்கிற எம்ஆர்ஐ பழசு. அதையே கொண்டுபோனாக் காணுமா?

நிலாவெளியான்

பழைய பிலிம், சீடி எல்லாத்தையும் கொண்டுபோங்கோ அக்கா, முந்தி எவ்வளவு சுருங்கி இருந்தது எண்டு பாக்க அது வேணும். புதுசா எடுக்கச் சொன்னா "வலிப்பு புரொட்டோகோல்" எண்டு துண்டுல எழுதித் தரச் சொல்லுங்கோ, ஹிப்போகேம்பஸுக்குக் குறுக்கா மெல்லிய வெட்டா எடுக்கிறது அது, சாதாரண மூளை எம்ஆர்ஐயில சின்னச் சுருக்கம் தப்பிடும். அதோட போன்ல ஒரு வலிப்பை முழுசா வீடியோ எடுங்கோ, முகமும் ரெண்டு கையும் தெரியோணும், எடுக்கேக்க பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ, எந்தக் கை விறைக்குது எந்தக் கை கசக்குது எண்டதை வச்சு எந்தப் பக்கத்துல தொடங்குது எண்டு டொக்டர்மார் கணிப்பினம். சத்திரசிகிச்சைக்கு யோசிச்சா ஹொஸ்பிட்டல்ல வச்சு வீடியோ ஈஈஜி, அதாவது வீடியோவோட மூளை மின்னலையையும் பதியிறது, எடுப்பினம், நாலைஞ்சு நாள் தங்கவேண்டி வரலாம், ஒரு ஆள் கூட நிக்கிற மாதிரி லீவு போட்டு ஆயத்தமாப் போங்கோ.

கிண்ணியா_நானா

தங்கச்சி, கொழும்புக்குப் போக வாகன உதவி வேணுமெண்டா தனிச்செய்தி போடுங்க. என்ட மச்சான் ஒவ்வொரு கிழமையும் மீன் லொறியோட போற, ஆக்கள் போற வேனும் அவங்கிட்ட இரிக்கி.